வேர்டில் சரி, பக்கத்தில் சிதறல்: ஒரு கடலோரப் பள்ளி மலரின் நிகழ்வு ஆய்வு

கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் பக்கத்தில் உள்ள ஒரு கடலோரக் கிராமத்துப் பள்ளி, தன் நூற்றாண்டு விழாவுக்கு மலர் போட்டது. சுமார் 160 பக்கம், டெம்மி அளவு, உள்ளே ஒரே வண்ணம். மேட்டர் எல்லாம் வேர்டு கோப்பாக வந்துவிட்டது, இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஏற்றிப் பக்கம் போடுவதுதான் பாக்கி என்று மலர்க் குழு நினைத்திருந்தது. பக்கம் போடும் எங்களிடம் வேலை வருவதற்கு முன் வேறோர் இடத்தில் முதல் புரூஃப் (பிழை பார்க்கும் நகல்) எடுத்திருந்தார்கள். அதைப் பார்த்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் 'இது எந்த மொழி?' என்று எழுதிவிட்டார்.

அந்தப் புரூஃபில் இருந்த கோளாறுகள், அவற்றின் காரணங்கள், அவை சரியான வழி ஆகியவற்றைப் பக்கம் போடும் வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் அளவுக்கு விவரமாக எழுதுகிறேன்.

வந்த மேட்டர்

தலைமையாசிரியர் தன் கட்டுரையை வானவில் அவ்வையாரில் அடித்திருந்தார். அரசு அலுவலகங்களில் பல வருடம் புழங்கிய ஃபான்ட் அது. பணியில் இருந்தபோது கை பழகியது, ஓய்வுக்குப் பிறகும் மாறவில்லை. 1983-க்குப் பிறகு கடல் கடந்து வந்து, மண்டபம் முகாமில் தங்கி, இந்தப் பள்ளியில் சில வருடம் படித்துவிட்டு இப்போது கனடாவில் இருக்கும் ஒருவர் நீண்ட நினைவுக் கட்டுரை ஒன்றை அனுப்பியிருந்தார். அது பாமினி என்ற பழைய ஃபான்ட்டில் அடித்தது. கீழக்கரைக்காரர் ஒருவர் துபாயிலிருந்து கைப்பேசியிலேயே எழுதி, வாட்ஸ்அப்பில் தவணை தவணையாக அனுப்பியதை யாரோ வேர்டில் ஒட்டி வைத்திருந்தார்கள். கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள் சொன்னதைப் பள்ளியின் ஆசிரியை ஒருவர் பதிவு செய்து, கூகுள் டாக்ஸில் குரல் தட்டச்சு வழியாக எழுத்தாக்கியிருந்தார். 1964 டிசம்பர் புயலைப் பற்றிய பகுதி, பள்ளியின் பழைய மலர் ஒன்றின் பி.டி.எஃப் கோப்பிலிருந்து நகலெடுத்தது. இவற்றோடு மீன், வலை, காற்றுப் பெயர்களின் அட்டவணை ஒன்று. நன்கொடையாளர் பட்டியல் ஒன்று.

எல்லாமே வேர்டு கோப்புகள். மலர்க் குழுவின் கணினியில் திறந்தால் பெரும்பாலும் நல்ல தமிழாகத்தான் தெரிந்தன. செயலாளர் கேட்டதும் அதைத்தான்: "எங்க கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே தெரியுது அண்ணே, உங்க மெஷினுக்கு மட்டும் என்ன?" நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கணினியில் பாமினி, வானவில், லதா ஆகிய ஃபான்ட்கள் சேர்ந்தே நிறுவப்பட்டிருந்தன. திரையில் தெரியும் தமிழ் ஒன்றுதான். அதற்கு அடியில் கோப்பில் எழுதப்பட்டிருப்பது ஒவ்வொன்றிலும் வேறு.

நோட்பேட் சோதனை

புரூஃபில் பல வகைச் சிதைவுகள் கலந்து கிடந்தன. சில பாராக்கள் முழுக்கப் பெட்டி பெட்டியாக. சிலவற்றில் கொம்பும் காலும் இடம் மாறி, புள்ளி வட்டத்தோடு தனியாக மிதந்தன. சில பக்கங்களில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். கனடாக் கட்டுரையில் தமிழ் சரியாகி, நடுவில் வந்த ஆங்கில ஊர்ப் பெயர்கள் மட்டும் வாய்க்குள் நுழையாத தமிழாக மாறியிருந்தன. முதலில் வேலை எடுத்த இடத்தில் இவற்றை எல்லாம் ஒரே கோளாறாகப் பார்த்து, ஃபான்ட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒன்று சரியாகும்போது இன்னொன்று கெடும்.

நாங்கள் முதலில் இன்டிசைனைத் திறக்கவே இல்லை. ஒவ்வொரு கட்டுரையிலிருந்தும் ஒரு வாக்கியத்தை நகலெடுத்து விண்டோஸ் நோட்பேடில் ஒட்டினோம். நோட்பேடுக்கு வேர்டின் ஃபான்ட் அலங்காரம் எதுவும் தெரியாது, அடியில் இருப்பதை அப்படியே காட்டிவிடும். அங்கே நல்ல தமிழ் தெரிந்தால் மேட்டர் யூனிகோடு (ஃபான்ட் மாறினாலும் தமிழாகவே இருக்கும் பொதுக் குறியாக்கம்), குறை பக்கம் போடும் மென்பொருளின் அமைப்பில் இருக்கிறது. ஆங்கில எழுத்துக் குப்பை தெரிந்தால் பழைய ஃபான்ட், முதலில் யூனிகோடாக மாற்ற வேண்டும். நோட்பேடிலேயே கொம்பு தனியாக, புள்ளி வட்டத்தோடு நின்றால் யூனிகோடுதான், ஆனால் எழுத்துகள் தவறான வரிசையில் விழுந்திருக்கின்றன. எந்த ஃபான்ட்டாலும் அதைச் சரி செய்ய முடியாது. நோட்பேடில் சரியாக இருந்து பக்கத்தில் மட்டும் பெட்டி வந்தால், அங்கே ஒட்டியிருக்கும் ஃபான்ட்டில் தமிழே இல்லை என்று பொருள்.

இந்தச் சோதனைக்கு ஒரு கட்டுரைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கோப்புகளை அதன்படி தனித்தனி ஃபோல்டரில் பிரித்து வைத்தபோதே பாதிக் குழப்பம் தீர்ந்துவிட்டது.

பாமினிக் கட்டுரை

அதிக வேலை வாங்கியது இதுதான். பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரியும் சொல்லுக்கு அடியில் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். ஃபான்ட் இருக்கும் வரை அது தமிழ். ஃபான்ட் போய்விட்டால் வேஷம் கலைந்த கூத்துக்காரர் மாதிரி ஆங்கிலம் வெளியே வந்துவிடும். பாமினியை அடையாளம் காண எளிய குறி ஒன்று உண்டு. அதில் காற்புள்ளி இருக்கும் இடத்தில் 'இ' உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலக் குப்பையில் வரிகளும் சொற்களும் காற்புள்ளியோடு தொடங்கினால், 'இந்த', 'இங்கே', 'இருந்தது' எல்லாம் அங்கே ஒளிந்திருக்கின்றன என்று சந்தேகப்படலாம்.

யூனிகோடாக மாற்றும் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. என்.எச்.எம். கன்வர்ட்டர் பலரும் அறிந்த இலவசக் கருவி. இணையத்திலேயே ஒட்டி மாற்றுபவையும் உண்டு. ஆனால் வெறும் எழுத்தாக ஒட்டி மாற்றும்போது எந்தத் துண்டு பாமினி, எந்தத் துண்டு உண்மையான ஆங்கிலம் என்று கருவிக்குத் தெரியாது. ஃபான்ட் பெயர்தான் அந்த இரண்டையும் பிரிக்கும் ஒரே அடையாளம், அதை ஒட்டும்போதே தொலைத்துவிடுகிறோம். கட்டுரையாளர் டொரோன்டோவில் உள்ள தெருப் பெயர்களையும் தன் மின்னஞ்சலையும் ஆங்கிலத்தில், டைம்ஸ் நியூ ரோமனில் அடித்திருந்தார். முதல் புரூஃபில் அவையெல்லாம் விநோதத் தமிழாகிப் போனது இப்படித்தான்.

நாங்கள் செய்தது இது. வேர்டின் தேடலில் ஃபான்ட் பெயரை மட்டும் கொடுத்து, பாமினி அல்லாத ஆங்கிலத் துண்டுகளை எல்லாம் கண்டுபிடித்தோம். ஒவ்வொன்றையும் எடுத்துத் தனித் தாளில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் 9001, 9002 என்று வரிசையாக எண் போட்டோம். பாமினியில் எண்கள் எண்களாகவே இருக்கும், மாற்றத்தில் கெடாது. கட்டுரையில் வேறெங்கும் ஒன்பதாயிரத்துச் சொச்சம் இல்லை என்று முன்னாலேயே பார்த்துக்கொண்டோம். பிறகு முழுவதையும் மாற்றி, எண்கள் இருந்த இடத்தில் ஆங்கிலத்தைத் திரும்ப வைத்தோம். மேக்ரோ எழுதத் தெரிந்தவர்கள் இதை ஒரே ஓட்டத்தில் முடிக்கலாம். ஒரு கட்டுரைக்குக் கையாலேயே போதும்.

அதன் பிறகும் ஒரு விஷயம் உறுத்தியது. வாக்கியத் தொடக்கங்களில் 'ஆவர் என்னிடம் சொன்னார்', 'ஏங்கள் வகுப்பில்', 'ஊனக்கு நினைவிருக்கிறதா' என்று வந்துகொண்டே இருந்தது. மாற்றியின் பிழை என்றுதான் எங்கள் பையன் சொன்னான். அது வேர்டின் வேலை. முற்றுப்புள்ளிக்குப் பிறகு வரும் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் தானியங்கித் திருத்தம் வேர்டில் உண்டு. பாமினியில் சிறிய எம் என்றால் அ, பெரிய எம் என்றால் ஆ. எ-வுக்கும் ஏ-வுக்கும், உ-வுக்கும் ஊ-வுக்கும் அதே உறவு. கட்டுரையாளர் 'அவர்' என்றுதான் அடித்திருக்கிறார், வேர்டு ஆங்கிலம் என்று நினைத்து மரியாதையாக முதலெழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறது. இதை ஒட்டுமொத்தமாக மாற்றவும் வழியில்லை, 'ஆனால்', 'ஏன்', 'ஊரில்' என்று உண்மையான நெடிலில் தொடங்கும் வாக்கியங்களும் இருக்கின்றனவே. முற்றுப்புள்ளிக்கு அடுத்து நெடில் வரும் இடங்களை மட்டும் தேடி, ஒவ்வொன்றாகப் படித்துத் திருத்தினோம். பழைய ஃபான்ட்டில் அடிப்பவர் யாராக இருந்தாலும், அந்தத் தானியங்கித் திருத்தத்தை முதலில் அணைக்கச் சொல்ல வேண்டும்.

வானவில் கட்டுரையில் இத்தனை தொல்லை இல்லை. ஃபான்ட்டின் சரியான பெயரைப் பார்த்து, மாற்றியில் அதற்குரிய குறியாக்கத்தை (எந்த எழுத்துக்கு எந்தக் குறி என்ற கணக்கை) தேர்ந்தெடுத்தால் போதும். பாமினி, டேப், டேம், டிஸ்கி, வானவில் என்று ஆளுக்கொரு குறியாக்கம் இருந்த காலத்தின் மிச்சம் இது. 1999-இல் டேமும் டேபும் தரமாக வந்தன, 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் தரநிலையாக அறிவித்தது. ஆனாலும் டி.டி.பி. கடைகளில் பழைய ஃபான்ட் ஒழியாததற்குப் பெரிய காரணம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள். அதன் 7.0 பதிப்பு 2001-இல் வந்தது, அதற்கு மேல் பதிப்பே வரவில்லை. அதற்கு யூனிகோடு தெரியாது. கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அதில் வேகமாக ஓடும் வரை, கடைக்காரர் ஏன் மாற வேண்டும்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழைய மலரின் பி.டி.எஃப் கதையும் பேஜ்மேக்கர் கதைதான். கோப்பின் பண்புகளைத் திறந்து ஃபான்ட் பட்டியலைப் பார்த்தால், எதில் அடித்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இதில் தெரிந்தது, ஆனால் நகலெடுத்த எழுத்துகள் எந்தக் குறியாக்கத்துக்கும் பொருந்தவில்லை. கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸாகத் திறந்து படத்திலிருந்து எழுத்தை எடுத்தோம். காலும் ரகரமும் அங்கங்கே இடம் மாறியிருந்தன. அச்சிட்ட பிரதியைப் பக்கத்தில் வைத்து ஒருவர் வாசிக்க ஒருவர் திருத்தினார்கள். இதற்குக் குறுக்கு வழி இல்லை.

யூனிகோடு என்றதும் நிம்மதியாகிவிடக் கூடாது

நோட்பேடில் நல்ல தமிழாகத் தெரிந்த கட்டுரைகளிலும் இரண்டு கோளாறுகள் இருந்தன. கண்ணுக்குத் தெரியாது, தேடும்போதுதான் தெரியும்.

முதலாவது, 'தோணி'. மலரின் கடைசியில் சொல்லடைவு வேண்டும் என்று குழு கேட்டிருந்தது. தேடியபோது பாசிக் கட்டுரையில் வந்த தோணிகள் கிடைத்தன, புயல் கட்டுரையில் வந்தவை கிடைக்கவில்லை. யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு துண்டாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்றுதான் யூனிகோடு விதி சொல்கிறது. கண்ணுக்கும் ஒன்றுதான். ஆனால் எங்கள் இன்டிசைன் தேடல் இரண்டையும் வேறு வேறாகவே எடுத்துக்கொண்டது. ஒகர, ஓகாரத் துண்டுகளை ஒற்றைக் குறியாக மாற்ற ஒரு தேடல் மாற்றுப் போதும். இதில் பயமே இல்லை, தாராளமாக ஒட்டுமொத்தமாகச் செய்யலாம்.

இரண்டாவதுதான் வில்லங்கம். மீன் அட்டவணையில் 'வௌவால்' இருந்தது. அடித்தவர் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ளகர எழுத்துமாக அடித்திருந்தார். பார்வைக்கு வித்தியாசமே இல்லை. சரி, கொம்பும் ளகரமும் வரும் இடத்தை எல்லாம் ஔகாரக் குறியாக்கிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் அதே அட்டவணையில் அடுத்த வரியில் இருக்கும் 'கெளுத்தி' நாசமாகும். வெள்ளி, வெளிச்சம், வெளிநாடு எதுவும் தப்பாது. எனவே ளகரத்துக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வராத இடங்களை மட்டும் பிடிக்கும்படி க்ரெப்பில் (எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடும் இன்டிசைன் வசதியில்) நிபந்தனை வைத்தோம். கெளுத்தியில் ளகரத்தோடு உகரக் குறி இருக்கிறது, வெள்ளியில் புள்ளி இருக்கிறது. இரண்டும் தப்பித்தன. வௌவால் சரியானது, கௌரவமும் பௌர்ணமியும் கூடச் சரியாயின.

ஆனால் பாசிக் கட்டுரையை இந்த மாற்றிலிருந்து விலக்கி வைத்தோம். குரல் தட்டச்சு எழுத்து வழக்கில் கொடுத்ததை, ஆசிரியை உட்கார்ந்து அந்தப் பெண்களின் பேச்சுக்கே திருப்பியிருந்தார். 'விடியறதுக்கு முன்ன வெளக்கு எடுத்துக்கிட்டு', 'பாசி வெளஞ்சு கெடந்துச்சு' என்றெல்லாம் வரும். இங்கே ளகரத்துக்குப் பின்னால் குறி இல்லை, ஆனால் இவை ஔகாரமும் அல்ல. நிபந்தனை வைத்த மாற்றும்கூட இந்த வெளக்கை அணைத்திருக்கும். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பாசி வகைகளின் பெயர்களும் அந்தக் கட்டுரையில் நிறைய. அதில் இருந்த உண்மையான ஔகாரங்கள் சொற்பம், கையாலேயே மாற்றிவிட்டோம். பேச்சு வழக்கு உள்ள மேட்டரில் ஒட்டுமொத்த மாற்று என்றாலே எனக்குக் கை தயங்கும்.

கம்போஸரும் ஃபான்ட்டும்

இப்போது எல்லாக் கட்டுரைகளும் சுத்தமான யூனிகோடு. இனி இன்டிசைனில் பக்க அமைப்பு.

கொம்பு இடம் மாறியதற்கும் புள்ளி வட்டம் வந்ததற்கும் காரணம் கம்போஸர் என்ற ஒரே அமைப்பு. இன்டிசைனின் வழக்கமான பாரகிராஃப் கம்போஸர், வந்த வரிசையில் உருவங்களை அடுக்கிக்கொண்டே போகும். 'கொ' என்பது கோப்பில் ககரம் முதலில், ஒகரக் குறி பின்னால் என்று இருக்கிறது. காகிதத்திலோ கொம்பு முன்னால், கால் பின்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தையும், 'கு', 'டி' போன்றவற்றுக்குச் சேர்ந்த உருவம் எடுப்பதையும் செய்வது அடோபி வேர்ல்ட்-ரெடி கம்போஸர். இந்திய எழுத்துகளுக்கான முறையான ஆதரவு 2012-இல் வந்த சி.எஸ்.6 பதிப்போடு வந்தது. பாரகிராஃப் ஸ்டைலை (ஒரு பாராவின் ஃபான்ட், அளவு, இடைவெளி எல்லாவற்றையும் ஒரே பெயரில் வைக்கும் அமைப்பை) திறந்து, ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில், கம்போஸர் என்ற இடத்தில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தக் கோப்பும் திறந்திராத நிலையில் பாரகிராஃப் பலகையில் இதை ஒருமுறை வைத்துவிட்டால், அடுத்து உருவாக்கும் கோப்புகள் எல்லாம் அப்படியே வரும்.

முதல் புரூஃபில் தலைப்புகள் மட்டும் ஒழுங்காக இருந்து உள்ளே சிதறியதற்கும் இதுதான் காரணம். தலைப்பு ஸ்டைலை அங்கே கையால் அமைத்திருக்கிறார்கள், அதில் வேர்ல்ட்-ரெடி இருந்தது. மேட்டரோடு வேர்டிலிருந்து 'நார்மல்' என்ற பெயரில் கூடவே வந்து இறங்கிய ஸ்டைலில் அது இல்லை.

பெட்டிகளின் காரணம் வேறு. வேர்டு ஒரே துண்டு எழுத்துக்கு ஆங்கில ஃபான்ட் ஒன்று, தமிழ் போன்ற எழுத்துகளுக்கு இன்னொன்று என்று இரண்டைக் குறித்து வைக்கும். திரையில் தமிழ் லதாவில் தெரிந்தது. இன்டிசைனில் வந்து சேர்ந்தபோது அதன் மேல் டைம்ஸ் நியூ ரோமன் ஒட்டியிருந்தது. அதில் தமிழே கிடையாது. நம் ஸ்டைலில் சரியான தமிழ் ஃபான்ட்டை வைத்து, வேர்டிலிருந்து ஒட்டி வந்த ஃபான்ட்டைக் களைந்துவிட்டால் பெட்டி போய்விடும். உடல் எழுத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ் வைத்தோம். இலவசம், தடிமன் வகைகள் போதிய அளவு உண்டு.

சாய்வெழுத்து பற்றி ஒரு வார்த்தை. லதாவில் சாய்வு முகம் கிடையாது, வேர்டு தானாகச் சாய்த்துக் காட்டுகிறது. இன்டிசைன் அப்படிப் போலி செய்யாது, இல்லாத முகத்தைக் கேட்டால் இளஞ்சிவப்புப் பட்டை போட்டு எச்சரிக்கும். நாங்கள் சாய்வுகளை எல்லாம் தடிமனாகவோ ஒற்றை மேற்கோளாகவோ மாற்றினோம். தமிழைச் சாய்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏற்றும் முறை

கன்ட்ரோலோடு டி அழுத்தி, கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் ஷோ இம்போர்ட் ஆப்ஷன்ஸ் என்பதை டிக் செய்யாமல் வேர்டு கோப்பை ஏற்றுவதுதான் பெரும்பாலோர் பழக்கம். முன்பு எந்த அமைப்பு இருந்ததோ அதிலேயே அது போய் இறங்கும். அந்த டிக்கைப் போட்டால்தான் அடுத்த பெட்டி வரும், வேலையே அங்கேதான்.

இரண்டு பாதைகள் உண்டு. ஸ்டைல்களை முழுக்கக் களைந்து ஏற்றுவது ஒன்று. ஸ்டைல்களை வைத்துக்கொண்டு, வேர்டின் இந்த ஸ்டைல் இன்டிசைனின் அந்த ஸ்டைல் என்று பொருத்தி ஏற்றுவது இன்னொன்று. வாட்ஸ்அப் கட்டுரைக்கு முதல் பாதை போதும், அதில் காப்பாற்ற வேண்டிய ஸ்டைல் எதுவும் இல்லை. மற்றவற்றுக்கு இரண்டாவது. முதலில் வேர்டிலேயே தலைப்பு, ஆசிரியர் பெயர், உடல், மேற்கோள், படக்குறிப்பு என்று சில ஸ்டைல்களை மட்டும் போட்டோம். அதே பெயர்களை இன்டிசைனிலும் வைத்தோம். பெயர் மோதும்போது இன்டிசைன் வரையறையே இருக்கட்டும் என்று அங்கே ஒரு தேர்வு உண்டு, அதைக் கொடுத்துவிட்டால் பொருத்தம் தானாக நடக்கும். ஒருமுறை அமைத்ததை ப்ரீசெட்டாகச் சேமித்து, எல்லாக் கட்டுரைக்கும் அதையே பயன்படுத்தினோம். வேர்டில் போட்ட பக்க முறிவுகளை விட்டுவிடச் சொன்னோம். தானியங்கி எண்களை வெறும் எழுத்தாக மாற்றச் சொல்லும் வசதியும் அதே பெட்டியில் இருக்கிறது.

எல்லாவற்றையும் நோட்பேடில் ஒட்டி எடுத்துவிட்டால் தொல்லை இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. சோதனைக்கு நோட்பேட் சரி. மேட்டரைக் கடத்த அது ஆகாது. தடிமனும் அடிக்குறிப்பும் அட்டவணையும் அங்கேயே போய்விடும். தலைமையாசிரியரின் கட்டுரையில் அடிக்குறிப்புகள் மட்டுமே ஒரு பக்கத்துக்கு வரும், அவற்றைத் திரும்ப அடிக்க யார் உட்காருவது?

ஏற்றிய பிறகு ஸ்டைல் பெயருக்குப் பக்கத்தில் கூட்டல் குறி தெரிந்தால், ஸ்டைலை மீறிய ஏதோ ஒன்று வேர்டிலிருந்து ஒட்டி வந்திருக்கிறது என்று பொருள். கிளியர் ஓவர்ரைட்ஸ் கொடுத்தால் அது போகும். ஆனால் கையால் போட்ட தடிமனும் சேர்ந்தே போய்விடும். பள்ளியின் முதல் ஆசிரியர்கள் பெயர்கள் எல்லாம் அப்படித் தடிமனில் இருந்தவைதான். அதனால் முதலில் ஃபைன்ட்-சேஞ்சில் தடிமன் என்ற வடிவத்தைத் தேடி, அதன் மேல் 'அழுத்தம்' என்ற கேரக்டர் ஸ்டைலைப் போட்டோம். கிளியர் ஓவர்ரைட்ஸ் கேரக்டர் ஸ்டைலைத் தொடாது. வரிசை மாறக் கூடாது: முதலில் காப்பாற்று, அப்புறம் துடை.

சில்லறைத் துப்புரவுகள் நிறைய இருந்தன, சுருக்கமாகச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் தடிமனுக்காகப் போட்ட உடுக்குறிகள் (*) அப்படியே வந்திருந்தன. இரண்டு உடுக்குறிகளுக்கு இடையில் உள்ளதை அழுத்த ஸ்டைலாக்கி, குறிகளை நீக்க ஒரு க்ரெப் போதும். இணையத்திலிருந்து ஒட்டிய இடங்களில் சாதாரண இடைவெளிக்குப் பதில் பிரியாத இடைவெளி இருந்தது. வரி உடைய வேண்டிய இடத்தில் உடையாமல், மேல் வரியில் பெரிய ஓட்டை விழுந்ததற்கு அதுதான் காரணம். இரட்டை இடைவெளி, வெற்று பாரா, பாரா முடியாமலே ஷிஃப்ட்-என்டரால் உடைத்த வரிகள் எல்லாம் வழக்கமானவை. பாராவின் மொழி ஆங்கிலம் என்று வந்திருந்தது, ஸ்டைலில் தமிழ் என்று மாற்றினோம்.

துபாய்க் கட்டுரையில் நபிகள் பெயர் வரும் இடமெல்லாம் ஸலவாத்தை (நபிகள் மீது சொல்லும் வாழ்த்தை) குறிக்கும் ஒற்றை அரபு வடிவம் இருந்தது. தமிழ் ஃபான்ட்டில் அது இல்லாததால் முதல் புரூஃபில் பெட்டியாக வந்து, யாரோ சிலவற்றை அழித்தும் இருந்தார்கள். கட்டுரையாளர் காக்காவுக்கு (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) அதில் மனவருத்தம். பாரகிராஃப் ஸ்டைலில் க்ரெப் ஸ்டைல் ஒன்றை வைத்து, அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் அமீரி என்ற அரபு ஃபான்ட் தானாக வரும்படி செய்தோம். அழித்த இடங்களை மூலப் பிரதியை வைத்து மீட்டோம்.

அட்டவணையும் பட்டியலும்

மீன், வலை, காற்று அட்டவணை வேர்டின் கோடுகள், நிறங்கள், அகலங்களோடு வந்து பக்கத்தை விட்டு வெளியே போனது. ஸ்டைல்களைக் களைந்து ஏற்றும்போது அட்டவணையை வடிவமற்ற அட்டவணையாக எடுக்கும் தேர்வு உண்டு. அப்படி எடுத்து, நம் டேபிள் ஸ்டைலைப் போட்டதும் அடங்கியது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்ற வரிசையை மட்டும் கடலுக்குப் போகும் பெரியவர்களிடம் காட்டி, எந்தக் காற்றில் எந்த வலை என்பது இடம் மாறவில்லையா என்று பார்க்கச் சொன்னோம். வடகடலில் சொல்வதும் தென்கடலில் சொல்வதும் சில இடங்களில் ஒத்துப்போகவில்லை. அதற்கும் இன்டிசைனுக்கும் சம்பந்தமில்லை, இரண்டையும் போட்டுவிட்டார்கள்.

நன்கொடையாளர் பட்டியல் அட்டவணையே அல்ல. பெயர், ஊர், தொகை மூன்றையும் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நேராக நிறுத்தியிருந்தார்கள். வேறு ஃபான்ட் வந்ததும் தொகைகள் அலைபோல ஏறி இறங்கின. மூன்று அல்லது அதற்கு மேல் தொடர்ந்து வரும் இடைவெளிகளை ஒரு டேப் ஆக்கி, பிறகு டேப்புகளை அட்டவணையாக மாற்றினோம். இனிஷியலுக்குப் பிறகு சிலர் தாராளமாக இடைவெளி விட்டிருந்ததால், பெயர் ஒரு கட்டத்திலும் இனிஷியல் வேறொரு கட்டத்திலும் போன வரிகளைக் கையால் இழுத்தோம். பணம் கொடுத்தவர் பெயரில் பிழை வந்தால் அடுத்த நூற்றாண்டு வரை பேச்சு நிற்காது என்று செயலாளர் கூடவே உட்கார்ந்து சரிபார்த்தார்.

இன்டிசைன் வாங்க வசதியில்லாத பள்ளிகளுக்கு ஒரு தகவல். ஸ்கிரைபஸ் இலவச மென்பொருள். அதன் 1.4 வரிசைப் பதிப்புகளில் தமிழ் சிதறும். 1.6 பதிப்பில் தமிழ் ஒழுங்காக வருகிறது. நோட்பேட் சோதனையும் வௌவால், கெளுத்தி விவகாரமும் அங்கேயும் இதே மாதிரிதான்.

இரண்டாவது புரூஃப்

தலைமையாசிரியர் இரண்டாவது புரூஃபிலும் சிவப்பு மை செலவழித்தார், ஆனால் இந்த முறை எல்லாம் சந்திப் பிழைகளும் ஆண்டுகளும். எழுத்து சிதறியதாக ஒரு குறிப்பும் இல்லை. அச்சுக்கான பி.டி.எஃப் சிவகாசிக்குப் போனது. ஃபான்ட்கள் எல்லாம் உள்ளே பதிந்திருக்கின்றனவா என்று பண்புகளில் பார்த்த பிறகே அனுப்பினோம். குழுவிடம் பி.டி.எஃபோடு, சுத்தம் செய்த யூனிகோடு வேர்டு கோப்புகளையும் கொடுத்தோம். அடுத்த மலர் போடுபவர் பி.டி.எஃபிலிருந்து நகலெடுக்க வேண்டிய நிலை வரக் கூடாது.

பள்ளி இனி ஆண்டு மலரும் போடப் போகிறதாம். கட்டுரை அனுப்புபவர்களுக்கு ஒரு தாள் எழுதிக் கேட்டார்கள். யூனிகோடில் அடியுங்கள், முடியாவிட்டால் எந்த ஃபான்ட் என்று மேலே எழுதுங்கள். தானியங்கித் திருத்தத்தை அணையுங்கள். படத்தை வேர்டுக்குள் ஒட்டாமல் தனியாக அனுப்புங்கள். ஸ்பேஸ் பாரால் எதையும் நேராக நிறுத்தாதீர்கள். நான்கே வரி. தலைமையாசிரியர் படித்துவிட்டு, "கடைசி வரிய எடுத்துருங்க தம்பி, அத ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்றார். எடுக்காமல்தான் கொடுத்திருக்கிறோம்.